வளைந்த பலகையும் வளையாத கிட்டாரும்



கிட்டார் வாசிக்க ஆசைப்படுபவர்கள் நம்மில் ஏராளம். "அதை நாமே செஞ்சா என்ன?" என்று கேட்பவர்கள் ரொம்பக் குறைவு. அப்படித் துணிந்து மரம் வாங்கி வந்தவர்களை முதலில் மிரட்டுவது எது தெரியுமா? வளைந்த பலகைதான்! வாங்கும்போது கண்ணாடி மாதிரி இருந்தது, பத்தே நாளில் ஓடு மாதிரி வளைந்து நிற்கும். "தூக்கிப் போட்டுடலாமா? இல்ல, கிளாம்ப் போட்டு இழுத்து ஒட்டிடலாமா?" இரண்டுமே அவசர முடிவுதான்.

ஏன் வளைகிறது?

வெயிலில் காயும் அப்பளத்தைப் பாருங்கள். மேல்பக்கம் முதலில் காய்ந்து சுருங்குகிறது. அடிப்பக்கம் ஈரமாகவே இருக்கிறது. விளிம்புகள் மேலே தூக்கிக்கொள்கின்றன. சிமெண்ட் தரையில் படுக்கப் போட்ட பலகையின் கதையும் இதேதான். எந்தப் பக்கம் அதிகம் காய்ந்ததோ, அந்தப் பக்கம் குழியும்.

இன்னொரு காரணம் மரத்திற்குள்ளேயே இருக்கிறது. மரம் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. நம்ம ஊர் ஈட்டி மரம் பச்சையிலிருந்து முழுதாகக் காயும்போது, நடுவிலிருந்து பட்டையை நோக்கிய ஆரத் திசையில் சுமார் 2.7% சுருங்கும். ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையிலோ 5.8%, அதாவது இரண்டு மடங்கு! நீளவாக்கில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. அதனால் பலகை வாங்கும்போது அதன் முனையைப் பாருங்கள். வளையக் கோடுகள் பலகையின் முகத்துக்குச் செங்குத்தாக நின்றால் அது குவார்ட்டர் சான் பலகை, அடங்கி இருக்கும். கோடுகள் படுத்திருந்தால் வளையும் வாய்ப்பு அதிகம்.

இழுத்து ஒட்டினால் என்ன?

கிட்டாரின் மேல் பலகை 2.5 முதல் 3 மி.மீ. தடிமன்தான். ஆறு ஸ்டீல் கம்பிகளும் சேர்ந்து இழுக்கும் விசை சுமார் 70 கிலோ! இந்த லோடே அதற்குப் போதும். வளைந்த பலகையைக் கிளாம்ப் போட்டு நிமிர்த்தி ஒட்டினால் வளைவு போய்விடாது. ஸ்ட்ரெஸ் ஆக உள்ளே ஒளிந்துகொள்ளும். ஒரு கோடையில் ஒட்டு விடும், அல்லது பலகை பிளக்கும்.

ஆகவே ஒரு எளிய விதி: மட்டமான மேஜையில் வைத்து ஒரு விரலால் அழுத்துங்கள். அதற்கே படிந்தால் பயப்பட வேண்டாம். குறுக்கே ஒட்டும் பிரேஸ் கட்டைகள் அதைப் பிடித்துக்கொள்ளும். கிளாம்ப் கேட்டால் அந்தப் பலகை இன்னும் தயாராகவில்லை என்று அர்த்தம்.

எப்படி நிமிர்த்துவது?

முதல் மருந்து பொறுமை! காற்றின் ஈரப்பதம் 45 முதல் 50% உள்ள அறையில், ஒரே தடிமனுள்ள குச்சிகளை இடையிடையே வைத்துப் பலகைகளை அடுக்குங்கள். குச்சிகள் ஒன்றுக்கு மேல் ஒன்று நேராக வரணும். மேலே கனமான பாரம். இரண்டு முகத்திலும் காற்று சமமாகப் பட வேண்டும், அதுதான் ரகசியம். சில வாரங்களில் பாதிப் பலகைகள் தானாகவே சரியாகிவிடும்.

சரியாகாத மெல்லிய பலகைக்கு: குழிந்த பக்கத்தை மட்டும் ஈரத்துணியால் லேசாகத் துடையுங்கள். அந்தப் பக்கம் விரிந்து பலகை நிமிரும். உடனே குச்சிகளுக்கு நடுவே பாரம் வைத்துக் காயவிடுங்கள். காய்ந்தபின் மறுபடி அதே இடத்தில் வளைந்தால், கோளாறு மரத்தின் நாரில் இருக்கிறது. அதைச் சிறு துண்டுகளாக்கி வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். இழைப்புளி போடும்போதும் இரண்டு பக்கமும் சமமாக எடுங்கள். ஒரே பக்கம் சீவினால் திரும்பவும் வளையும்.

கழுத்துக் கட்டை விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. தேவையைவிடத் தடிமனாக அறுத்து, இரண்டு வாரம் சும்மா போட்டு வையுங்கள். உள் ஸ்ட்ரெஸ் வெளியே வந்து எப்படி வளையணுமோ அப்படி வளையட்டும். அப்புறம் இழைத்து நேராக்குங்கள். இரு முனைகளிலும் குறுக்கே ஒவ்வொரு நேர்க்குச்சி வைத்து, ஒரு முனையிலிருந்து ஒரே மட்டத்தில் பாருங்கள். குச்சிகள் இணையாகத் தெரியாவிட்டால் கட்டை முறுக்கிக்கொண்டது. கழுத்துக்குள் போகும் டிரஸ் ராடு முன்பின் வளைவைத்தான் சரிசெய்யும். முறுக்கலை அதால் ஒன்றும் செய்ய முடியாது. முறுக்கிய கட்டையைக் கழுத்துக்கு எடுக்காதீர்கள்.

ஒரு சின்னக் கணக்கு

75% ஈரப்பதமுள்ள காற்றில் மரத்திற்குள் ஈரம் சுமார் 14%. 45% காற்றில் அது சுமார் 8.5%. வித்தியாசம் 5.5%. ஈட்டி ஆரத் திசையில் 1% ஈரத்துக்கு ஏறத்தாழ 0.09% சுருங்கும். பின் பலகையின் அகலம் 400 மி.மீ. என்றால்,

400 × 0.09/100 × 5.5 = சுமார் 2 மி.மீ.!

பலகை 2 மி.மீ. சுருங்கப் பார்க்கும். குறுக்கே ஒட்டிய பிரேஸ் கட்டையோ நீளவாக்கில் சுருங்காது. முடிவு? விரிசல்தான்! அதனால் மழைக்காலத்தில் திறந்த இடத்தில் வைத்து பிரேஸ் ஒட்டவே கூடாது. ஏ.சி. அறையிலோ, சிலிக்கா ஜெல் போட்ட மூடிய பெட்டியிலோ பலகையை உலர வைத்து ஒட்டுங்கள். பிறகு ஈரம் ஏறினால் பலகை கொஞ்சம் உப்பும். உப்பினால் திரும்ப அடங்கும், பிளந்தால் அடங்காது. ஒரு ஹைக்ரோமீட்டர் வாங்கிச் சுவரில் மாட்டிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

தோழர்களே! பிரேசில் ரோஸ்வுட் கிடைப்பது சிரமமானபோது, அமெரிக்காவின் மார்ட்டின் கம்பெனி 1969-ல் இந்திய ஈட்டிக்கு மாறியது. இன்று உலகக் கிட்டார்கள் பலவற்றின் முதுகு நம் நாட்டு மலை மரம். ஈட்டி உள்ளிட்ட அதன் இனம் முழுவதும் 2017 ஜனவரியில் சைட்டஸ் ஒப்பந்தப் பட்டியலில் சேர்ந்து, சர்வதேச வியாபாரம் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. பல பத்து வருடம் வளர்ந்த மரத்தை, பத்து நாள் வளைவுக்காகக் குப்பையில் போடுவது நியாயமா? காய அவகாசம் கொடுங்கள், விரலால் சோதியுங்கள், பிறகு ஒட்டுங்கள்.

செய்து பாருங்கள், வாழ்த்துக்கள்!