பழைய நகரில் ஒரு புதிய வீடு

ஒரு நகரின் தொன்மையைக் கோட்டைகளும் கோயில்களும் மசூதிகளும் மட்டுமே உணர்த்துவதில்லை. மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் தெருக்களும் வீடுகளும் உணர்த்துகின்றன. ஆனால், நினைவுச் சின்னத்தைப் பாதுகாப்பதுபோல் வீட்டைப் பாதுகாக்க இயலாது. மரம் உளுத்துப்போகும், குடும்பம் பெருகும், கழிவறையும் குடிநீர்க் குழாயும் தேவைப்படும். எனவே, பழைய குடியிருப்பில் புதிய வீடு எழுவது தவிர்க்க இயலாதது. அது எவ்வாறு எழவேண்டும் என்பதே கேள்வி. அகமதாபாத் நகரின் மதிலகப் பகுதி இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

'போல்' குடியிருப்பின் அமைப்பு

1411ஆம் ஆண்டில் சுல்தான் அகமது ஷா சபர்மதி ஆற்றின் கீழ்க்கரையில் இந்நகரை நிறுவினார். இதன் மதிலகப் பகுதி 2017ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. இந்திய நகரங்களுள் இச்சிறப்பை முதலில் பெற்றது இதுவே.

இங்குள்ள குடியிருப்புத் தொகுதி 'போல்' எனப்படும். வாயிலைக் கடந்து சென்றால் குறுகிய சந்துகள் கிளைத்துச் செல்லும். மனைகள் அகலம் குறைந்தும் நீளம் மிகுந்தும் இருக்கும். வீடுகள் தோளோடு தோளாகச் சுவரைப் பகிர்ந்து நிற்பதால், பக்கச் சுவரில் சாளரம் வைக்க வழியில்லை. ஆகவே, தெருவை ஒட்டித் திண்ணையும் வீட்டின் நடுவே முற்றமும் அமைத்தனர். வெளிச்சமும் காற்றும் முற்றத்தின் வழியாகவே உள்ளறைகளை அடைகின்றன. பல வீடுகளில் கூரையில் விழும் மழைநீர், முற்றத்தின் அடியில் உள்ள 'டாங்கா' எனும் தொட்டியில் சேரும்.

எதைப் பேண வேண்டும்?

புதிய வீடு கட்டுவோர் இருவகைப் பிழைகளைச் செய்கின்றனர். முற்றத்தை மூடி மனை முழுவதையும் அறைகளாக்குவது ஒன்று. அவ்வாறு செய்தால், கோடையில் 40 பாகை செல்சியசைக் கடக்கும் வெப்பத்தில் உள்ளறைகள் இருளும் புழுக்கமும் மிகுந்தவையாகின்றன. கான்கிரீட் பெட்டியின் முகப்பில் பழைய மரச் செதுக்கல்களைப் போலி செய்து ஒட்டுவது மற்றொன்று. பேணத்தக்கது அலங்காரம் அன்று, அமைப்பே ஆகும். தெருவின் சுவர்க்கோடு, அண்டை வீடுகளின் உயரம், திண்ணை, முற்றம், நீர்த்தொட்டி ஆகியவற்றைக் காத்தால், முகப்பு எளிமையாக இருப்பினும் வீடு தெருவோடு இசையும்.

கட்டுமான முறையிலும் கவனம் தேவை. பழைய செங்கற் சுவர்களின் இடையே மரச் சட்டங்கள் பிணைக்கப்பட்டிருக்கும். நில அதிர்வின்போது சுவர் பிளவுறாமல் நிற்க இவை துணைபுரிகின்றன. 2001 ஜனவரி 26 நிலநடுக்கத்தில், இந்நகரின் பல அடுக்குமாடிக் கான்கிரீட் கட்டடங்கள் இடிந்து விழுந்தன. கான்கிரீட் என்பதாலேயே கட்டடம் உறுதியாகிவிடாது என்பதற்கு இது சான்று. மேலும், ஒரு வீட்டை இடிக்கையில் பொதுச்சுவர் ஆதரவை இழக்கும். முட்டுக்கொடுத்த பின்னரே இடிப்பைத் தொடங்க வேண்டும்.

சட்டமும் குடும்பமும்

1958ஆம் ஆண்டுத் தொல்சின்னச் சட்டத்தின் 2010ஆம் ஆண்டுத் திருத்தப்படி, மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை தடைசெய்யப்பட்ட பகுதி. அங்கு 1992 ஜூன் 16க்கு முன்பிருந்த வீட்டைப் பழுதுபார்க்கவும் புதுப்பிக்கவும் அனுமதி கோரலாம். புதிதாகக் கட்ட இயலாது. அதற்கப்பால் 200 மீட்டர் வரை, அனுமதி பெற்றுக் கட்டலாம். சின்னங்கள் நெருங்கியுள்ள மதிலகத்தில் பல வீடுகள் இவ்வெல்லைகளுக்குள் அடங்குகின்றன.

இக்கட்டுப்பாடு தேவையானதே. ஆயினும், நாட்டின் பொதுச் செல்வத்தைக் காக்கும் சுமை தனிக் குடும்பத்தின்மீது விழுகிறது. பழுதுபார்க்கும் அனுமதியும் பணமும் உரிய காலத்தில் கிட்டாவிடில், அக்குடும்பம் வீட்டைப் பூட்டிவிட்டுப் புறநகருக்குச் செல்லும். வீடு கிடங்காக மாறும். பட்டியலிடப்பட்ட பாரம்பரிய வீட்டின் உரிமையாளர், தாம் பயன்படுத்த இயலாத கட்டுமான உரிமையை நகரின் வேறு பகுதியில் கட்டுவோருக்கு விற்க வகைசெய்யும் முறை அகமதாபாத்தில் வகுக்கப்பட்டிருப்பது, இச்சுமையைப் பகிரும் வழியாகும்.

எனவே, அலுவலர்கள் எதைச் செய்யக்கூடாது என்பதோடு, எதை எவ்வாறு செய்யலாம் என்பதையும் வரைபடத்துடன் உரிமையாளருக்கு எடுத்துரைக்க வேண்டும். மக்கள் நீங்கிய தெரு, எத்தனை சட்டங்கள் காத்தாலும் பாழாகும். குடும்பங்கள் தொடர்ந்து வாழ வழிசெய்வதே பழைய நகரைக் காக்கும் உறுதியான வழி.