ஆடை எவ்வளவு தெரிய வேண்டும்?

வெளிர் பின்னணியில் பக்கவாட்டில் நிற்கும் ஒரு பெண். தலை முதல் கால் வரை கறுப்பு நிழல்தான். நீண்ட மேலங்கி அணிந்திருக்கிறாள் என்பது வெளிக்கோட்டை வைத்துத் தெரிகிறது. பொத்தான், பை, தையல் எதுவும் தெரியவில்லை. இடுப்புக்குப் பின்னால் மட்டும் சிவப்பு வலைத்துணி கொத்தாகப் பொங்கி நிற்கிறது. ஜப்பானிய வடிவமைப்பாளர் யோஜி யமமோட்டோவின் ஆடைத் தொகுப்புக்காக 1986இல் பிரிட்டிஷ் ஒளிப்படக் கலைஞர் நிக் நைட் எடுத்த படம் இது. மேலங்கியை அறிமுகப்படுத்த எடுத்த படத்தில் மேலங்கியையே இருட்டில் விட்டுவிட்டார்கள்.

ஒரு ஃபேஷன் நிறுவனம் படப்பிடிப்புக்கு ஏற்பாடு செய்யும்போது எல்லாத் தீர்மானங்களுக்கும் அடியில் இருக்கும் கேள்வி ஒன்றுதான்: படத்தில் ஆடை எவ்வளவு தெரிய வேண்டும்? மாடல் யார், இடம் எது, வெளிச்சம் எப்படி என்பதெல்லாம் இதற்குச் சொல்லும் பதிலிலிருந்தே பிறக்கின்றன. கேமராவைத் தொடுவதற்கு வெகு முன்பே அந்தப் பதில் முடிவாகிவிடுகிறது. கேமராவின் முன்னால் நிற்பவரும் பின்னால் நிற்பவரும்தான் நம் கண்ணில் படுகிறார்கள். முடிவெடுத்தவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள்.

யமமோட்டோ படத்தில் அப்படி முடிவெடுத்தவர் மார்க் அஸ்கோலி. அவர்தான் கலை இயக்குநர். ‘ஐ-டி’ இதழுக்காக நைட் எடுத்த நூறு உருவப்படங்களைப் பார்த்துவிட்டு அவரை அழைத்தவர். அதற்கு முன் நைட் பெயர் பெற்றது லண்டனின் மொட்டைத்தலை இளைஞர் கூட்டங்களைப் படமெடுத்த 1982ஆம் ஆண்டுப் புத்தகத்தால். யமமோட்டோ படங்கள் வந்த பக்கங்களை வடிவமைத்த பீட்டர் சேவில், ஜாய் டிவிஷன் இசைக்குழுவின் 1979ஆம் ஆண்டு இசைத்தட்டு உறையால் அறியப்பட்டவர். பளபளப்பான ஃபேஷன் படங்களின் வழக்கங்களுக்குள் வளராத இருவரைக் கொண்டுவந்து சேர்த்ததே அஸ்கோலியின் முதல் படைப்பு என்று சொல்வேன்.

அந்த நிழலுக்குக் காரணம் துணியிலேயே இருக்கிறது. 1981இல் பாரிஸில் அறிமுகமான யமமோட்டோவின் ஆடைகளில் கறுப்புதான் ஆட்சி. அலங்காரத்தைவிட வெட்டுதான் பேசும். கறுப்புத் துணியின் மீது வெளிச்சத்தைக் கொட்டினால் அது சாம்பலாக வெளிறும், சின்னச் சுருக்கமெல்லாம் முன்னுக்கு வந்துவிடும். ஆளை விட்டுவிட்டுப் பின்னணிக்கு மட்டும் ஒளி கொடுத்தால் மிஞ்சுவது வெளிக்கோடு. அந்தக் கோடுதான் வடிவமைப்பாளர் கத்தரிக்கோலால் செய்த வேலை. விவரங்களை மறைத்ததால் படம் ஆடைக்கு உண்மையாக இருந்தது.

இதற்கு நேர் எதிர்முனையில் இருப்பது நாம் தினமும் கைப்பேசியில் தள்ளிப் பார்க்கும் இணையக் கடைப் படம். அங்கே எல்லாம் தெரிந்தாக வேண்டும். காற்றில் மிதப்பதுபோல் ஒரு சட்டை. உள்ளே ஆள் இல்லை, ஆனால் தோளும் மார்பும் நிறைந்திருக்கின்றன. சட்டையைப் பொம்மைக்கு மாட்டி ஒரு படம், கழுத்தின் உட்புறம் தெரியும்படி தனியாக இன்னொரு படம் எடுத்து, கணினியில் பொம்மையை அழித்து இரண்டையும் ஒட்டுகிறார்கள். வண்ணக் கட்டங்கள் அச்சிட்ட அட்டை ஒன்றை முதலில் ஆடைக்குப் பக்கத்தில் வைத்துப் படமெடுத்து, பிறகு அதைக்கொண்டு நிறத்தைச் சரிசெய்கிறார்கள். திரையில் பார்த்த மெரூன் வீட்டுக்கு வரும்போது செங்கல் நிறமாக இருந்தால் பொட்டலம் திரும்பிப் போகும். நெருக்கமான கோடு போட்ட துணி இன்னொரு தலைவலி: துணியின் கோடுகளும் கேமரா உணரியின் கட்டங்களும் மோதி, இல்லாத அலைகளைப் படத்தில் உண்டாக்கும். இதைக் கலை என்று யாரும் கொண்டாடுவதில்லை. இருப்பதை இருப்பதாகக் காட்டுவதற்கு எவ்வளவு கைவேலை தேவை என்பது இங்கேதான் மிகத் தெளிவாகப் புரிகிறது.

இரண்டு முனைகளுக்கும் நடுவில் இரண்டு வகைகள் உண்டு. ஒரு பருவத்தின் ஆடைகளை வரிசையாகக் காட்டும் ‘லுக்புக்’. சாலையோரப் பலகையிலும் இதழ்களிலும் வரும் விளம்பரத் தொடரான ‘கேம்பெய்ன்’. ஒன்றில் ஆடை பேசும், மற்றதில் நிறுவனம் பேசும். வேலை தொடங்குவது ஒரு சுருக்கக் குறிப்பிலிருந்து: யாருக்காக, எந்தப் பருவத்துக்காக, படம் எங்கே அச்சாகப் போகிறது. கலை இயக்குநர் அதை வைத்து மூட்போர்டு தயாரிக்கிறார். பழைய ஓவியம், திரைப்படக் காட்சி, சுவரின் நிறம், துணித்துண்டு என்று பலவற்றை ஒரே பலகையில் ஒட்டிவைத்த தொகுப்பு அது. ‘கம்பீரமாக இருக்கட்டும்’ என்று ஒருவர் சொன்னால் பத்துப் பேர் பத்து விதமாக நினைப்பார்கள். பலகையைக் காட்டினால் பேச்சு குறையும். அதன் ஆபத்தையும் சொல்ல வேண்டும். மற்றவர் படங்களையே ஒட்டிவைத்த பலகை, பல நேரம் அந்தப் படங்களின் நகலையே பெற்றுத் தருகிறது.

படப்பிடிப்புத் தளத்தில் நான் மிகவும் மதிப்பது ஸ்டைலிஸ்டின் வேலையை. எந்தச் சட்டைக்கு எந்தக் கால்சட்டை என்று பொருத்துவதோடு அது முடிவதில்லை. மாதிரி ஆடைகள் பெரும்பாலும் ஒரே அளவில் வரும். மாடலின் உடல் அந்த அளவுக்கு இருக்காது. முதுகுப் பக்கம் முழுக்க கிளிப்புகளும் குண்டூசிகளும் மாட்டி, முன்பக்கம் அச்சில் வார்த்தாற்போல் காட்டுவார்கள். கழுத்துப்பட்டி நகராமலிருக்க இருபுறமும் ஒட்டும் நாடா, கைப்பகுதி உப்பி நிற்க உள்ளே மெல்லிய தாள், கடன் வாங்கிய காலணியில் அழுக்குப் படாமலிருக்க அடியில் டேப். ஒவ்வொரு கிளிக்குக்கும் நடுவே ஓடிப்போய் ஒரு மடிப்பை நீவிவிட்டுத் திரும்புவார்கள். கேமராவிலிருந்து கணினிக்குக் கம்பி இணைத்திருப்பதால் படம் உடனே பெரிய திரையில் வந்துவிடும். அதில் சிக்கிய ஒரு நூல்பிசிரைக் கலை இயக்குநர் பார்த்துச் சொல்ல, மறுபடியும் ஓட்டம்.

ஒரு மடிப்பு அவ்வளவு முக்கியமா? 1955 ஆகஸ்டில் பாரிஸின் சிர்க் திவேர் சர்க்கஸ் அரங்கில் ரிச்சர்ட் அவெடன் எடுத்த படத்தைக் கேட்டால் தெரியும். விளம்பரத்துக்காக அல்ல, ‘ஹார்ப்பர்ஸ் பஜார்’ இதழுக்காக எடுத்தது. யானைகளுக்கு நடுவே மாடல் டோவிமா. டியோர் நிறுவனத்தின் கறுப்பு மாலை உடை, இடையில் வெள்ளைக் கச்சை. உடையை வரைந்தவர் அப்போது அங்கே உதவியாளராக இருந்த இளைஞர் ஈவ் சான் லோரான். ஃபேஷன் படங்களில் உலகம் மிக உயர்த்திப் பேசும் படங்களில் இது ஒன்று. ஆனால் அந்தக் கச்சை இடப்பக்கம் காற்றில் பறந்திருந்தால் படத்தின் கோடு முழுமையடைந்திருக்கும் என்று அவெடன் பிற்காலத்தில் வருந்தினார். அந்தக் குறையால் தமக்கு அது என்றும் தோற்ற படமே என்றார்.

பட்டுப் புடவையைப் படமெடுப்பவர்களுக்கு இந்தக் கவலை நன்றாகத் தெரியும். தைக்காத துணி என்பதால் அதற்கென்று நிலையான வடிவம் கிடையாது; கொசுவம், தோள் மடிப்பு, முந்தானை எல்லாம் ஒவ்வொரு முறையும் கையால் உருவாக வேண்டும். சரிகை உலோகம்போல் ஒளியைத் திருப்பி அடிக்கும். நேர் எதிரே பளிச்சென்று விளக்கு வைத்தால் சரிகை வெள்ளைத் தீற்றலாகி, நெசவாளி போட்ட மயிலும் சக்கரமும் காணாமல் போகும். பக்கவாட்டிலிருந்து, அகன்ற திரை வழியாக மென்மையாக்கிய ஒளி விழுந்தால்தான் நெசவின் மேடு பள்ளம் எழுந்து வரும். ஊடுநூல் ஒரு நிறமும் பாவுநூல் ஒரு நிறமுமாக நெய்த புடவைக்கு மாடலை நிற்க வைக்கும் கோணமே நிறத்தைத் தீர்மானிக்கிறது.

மறைக்கும் கலையை எல்லை வரை கொண்டுபோனவர் பிரெஞ்சுக்காரர் கீ பூர்தான். ஷார்ல் ஜூர்தான் காலணி நிறுவனத்துக்காக 1967 முதல் 1981 வரை படமெடுத்தார். 1979இல் பொம்மைக் கால்கள் ஒரு ஜோடியைக் காரில் ஏற்றிக்கொண்டு இங்கிலாந்தில் சுற்றினார். பூங்கா பெஞ்சு, பேருந்து நிறுத்தம், கடற்கரை என்று எங்கும் முழங்காலுக்குக் கீழே மட்டும் இருக்கும் கால்கள், புதுக் காலணியோடு நடந்துபோகின்றன. பெண் இல்லை; அவள் எங்கே போகிறாள் என்ற கதையை நாமே எழுதிக்கொள்கிறோம். அந்தப் படங்கள் இன்றும் புதிதாக இருக்கின்றன. ஆனால் அதே நிறுவனத்துக்கு 1975இல் அவர் எடுத்த படத்தில் சாலையில் சுண்ணக்கட்டியால் வரைந்த உடலின் வெளிக்கோடு, ரத்தக்கறை, கழன்று கிடக்கும் காலணி. கொலையுண்ட பெண்ணைக் காலணிக்கு அலங்காரமாக வைத்த அந்தப் படத்தை, திறமையைக் காரணம் காட்டி என்னால் ஏற்க முடியவில்லை.

ஆடையே இல்லாத ஃபேஷன் விளம்பரமும் வந்தது. 1982 முதல் பெனட்டன் நிறுவனத்துக்குப் பணியாற்றிய இத்தாலியர் ஒலிவியேரோ தொஸ்கானி, முதலில் பல இன இளைஞர்களுக்கு வண்ண ஸ்வெட்டர்கள் போட்டுப் படமெடுத்தார். போகப் போக ஸ்வெட்டரையே எடுத்துவிட்டார். 1992இல் வந்த விளம்பரத்தில் எய்ட்ஸ் நோயால் இறந்துகொண்டிருக்கும் டேவிட் கெர்பியும் அவரை அணைத்திருக்கும் தந்தையும் இருந்தார்கள். தெரீஸ் ஃப்ரேர் எடுத்து, 1990இல் ‘லைஃப்’ இதழில் வெளியான கறுப்புவெள்ளைப் படம் அது. வண்ணம் தீட்டி, ஓரத்தில் பச்சைச் சின்னத்தை மட்டும் வைத்தார்கள். குடும்பம் சம்மதித்திருந்தது. பெனட்டன் தங்களைப் பயன்படுத்தவில்லை, தாங்கள்தான் பெனட்டனைப் பயன்படுத்துகிறோம் என்றார் தந்தை. எய்ட்ஸ் அமைப்புகள் சில கடுமையாக எதிர்த்தன. நான் தந்தையின் பேச்சை மதிக்கிறேன். ஆனாலும் அந்தப் பச்சைச் சின்னம் எனக்கு உறுத்துகிறது. ‘லைஃப்’ இதழில் அது இல்லாமலே அந்தப் படம் சொல்ல வேண்டியதைச் சொல்லியிருந்தது.

எடுத்து முடித்த படமும் அப்படியே வெளிவருவதில்லை. தூசி, கிளிப்பின் நுனி, சுருக்கம் எல்லாம் கணினியில் போகும். சில சமயம் மாடலின் இடுப்பும் போகும். இதற்காகவே பிரான்ஸில் 2017 அக்டோபர் முதல் ஒரு விதி இருக்கிறது. விளம்பரப் படத்தில் மாடலின் உடலை மெலியவோ பருக்கவோ மாற்றியிருந்தால், படம் திருத்தப்பட்டது என்று அதிலேயே எழுத வேண்டும்.

அடுத்த கட்டம் இன்னும் பெரியது. 30 மாடல்களின் டிஜிட்டல் இரட்டைகளை, அதாவது அவர்களைப் போலவே தோன்றும் கணினி நகல்களை, உருவாக்கப்போவதாக ஆடை நிறுவனமான எச் அண்ட் எம் 2025இல் அறிவித்தது. தம் இரட்டையின் மீது உரிமை அந்தந்த மாடலுக்கே என்றும் சொன்னது. மாடலின் முகத்துக்கு ஓர் உரிமை கிடைத்திருப்பது நல்லதுதான். முதுகுப் பக்கம் கிளிப் மாட்டியவர், கூந்தல் முடித்தவர், விளக்கைப் பிடித்து நின்றவர் ஆகியோரை அந்தப் பேச்சில் காணோம். ஃபேஷன் இதழ்களில் படத்தின் ஓரத்தில் ஸ்டைலிஸ்ட், ஒப்பனையாளர், சிகையலங்காரக் கலைஞர் பெயர்கள் சின்ன எழுத்தில் வரும். விளம்பரப் பலகையில் நிறுவனத்தின் பெயர் மட்டும்தான் வருகிறது. அந்தச் சின்ன எழுத்து வரிக்கு அங்கேயும் தாராளமாக இடம் இருக்கிறது.