குளிர்கால மிதிவண்டி

குளிர்கால மிதிவண்டி என்பது மழை, உறைபனி, சேறு, சாலையில் தூவப்படும் உப்பு ஆகியவை நிறைந்த மாதங்களில் ஓட்டுவதற்கென்று ஒருவர் வைத்துக்கொள்ளும் மலிவான இரண்டாவது மிதிவண்டி ஆகும். பிரித்தானியாவில் ரோடு பைக் ஓட்டும் கழகத்தினரிடையே இது நெடுங்கால வழக்கம். இலையுதிர் காலம் முடியும்போது நல்ல வண்டியைத் துடைத்து வீட்டுக்குள் வைத்துவிட்டு, வசந்தம் வரை பழைய வண்டியில் செல்வார்கள். வட அமெரிக்காவில் இதே வண்டியை, அடிபடுவதற்கென்றே இருப்பது என்ற பொருளில், 'வின்டர் பீட்டர்' என்று அழைப்பதுண்டு.

வசதியானவர்களின் ஆடம்பரம் போலத் தோன்றினாலும் இதன் பின்னணியில் இருப்பது சிக்கனக் கணக்குதான். செயின், பல்சக்கரங்கள், ரிம், பிரேக் கட்டைகள், பேரிங்குகள் ஆகியவை தேய்ந்து போகும் பாகங்கள். விலை உயர்ந்த வண்டியில் இவற்றை மாற்றும் செலவு சாதாரண வண்டியில் ஆகும் செலவைப் போலப் பல மடங்கு. குளிர்காலச் சாலை இவற்றைக் கோடைக்காலத்தைவிட வெகு வேகமாகத் தின்றுவிடும். அந்தத் தேய்மானத்தை மலிவான பாகங்களின் மேல் ஏற்றுவதே இரண்டாவது வண்டியின் வேலை.

== யாருக்குத் தேவை ==

எல்லோருக்கும் இது தேவையில்லை. மட்கார்டு, விளக்கு, சற்று அகலமான டயர் ஆகியவை உள்ள சாதாரண வண்டியில் வேலைக்குச் செல்பவரிடம் குளிர்கால வண்டி ஏற்கெனவே இருக்கிறது. குளிர்காலத்தில் மாதம் இரண்டு மூன்று முறை மட்டும் ஓட்டுபவருக்கு, கழற்றி மாட்டும் மட்கார்டும் ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் ஒரு வாளித் தண்ணீரும் போதும். வைக்க இடம் இல்லாத சிறிய அடுக்ககத்தில் இன்னொரு வண்டியை நுழைப்பது வீட்டில் உள்ளவர்களுக்கும் தொல்லை. ஒருவரிடம் இருக்கவேண்டிய மிதிவண்டிகளின் எண்ணிக்கை 'இப்போது இருப்பதைவிட ஒன்று கூடுதல்' என்று மிதிவண்டிப் பிரியர்கள் வேடிக்கையாகச் சொல்வார்கள். அதை நம்பிக் கடைக்குச் செல்லக் கூடாது.

வாரத்தில் பல நாள் நீண்ட தூரம் ஓட்டுபவர், மட்கார்டு பொருத்த இடமே இல்லாத பந்தய வண்டி வைத்திருப்பவர், வண்டி பழுதாகிவிட்டால் வேலைக்குச் செல்ல வேறு வழி இல்லாதவர் ஆகியோருக்கே இரண்டாவது வண்டி உண்மையில் பயன்படும்.

== உப்பு செய்யும் வேலை ==

உப்பு கலந்த நீர் தூய நீரைவிடக் குறைந்த வெப்பநிலையில்தான் உறையும். எனவே சாலை வழுக்காமல் இருக்க உப்பு தூவப்படுகிறது. பிரித்தானியச் சாலைகளில் தூவப்படுவது பெரும்பாலும் பாறை உப்பு. செசயர் வட்டாரத்தில் உள்ள வின்ஸ்ஃபோர்ட் சுரங்கம் இதற்குப் பெயர்பெற்றது. அந்த உப்பு வெள்ளையாக இருக்காது. களிமண் கலந்து பழுப்பாக இருக்கும். சோடியம் குளோரைடு, உறைநிலைக்குக் கீழே சுமார் 9 பாகை செல்சியசைத் தாண்டிவிட்டால் மிக மெதுவாகவே வேலை செய்யும். ஆகவே கடுங்குளிர் நாடுகளில் கால்சியம் குளோரைடும் மக்னீசியம் குளோரைடும் பயன்படுத்தப்படுகின்றன. இவை காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால், வண்டியில் ஒட்டிய பிறகு எளிதில் காய்வதில்லை.

உப்புநீர் மின்சாரத்தை நன்கு கடத்தும். இதனால் இரும்பு துருப்பிடிப்பது விரைவடைகிறது. இதைவிடத் தொல்லையானது, இரண்டு வெவ்வேறு உலோகங்கள் தொடும் இடத்தில் நடக்கும் மின்வேதி அரிப்பு. எஃகுச் சட்டகத்துக்குள் அலுமினிய இருக்கைத் தண்டு பல மாதம் அசையாமல் இருந்தால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். அறுத்து எடுக்கும் நிலைகூட வரும். கார்பன் சட்டகம் துருப்பிடிக்காது என்பது உண்மைதான். ஆனால் அதில் பொருத்தப்பட்டுள்ள திருகுகள், பேரிங்குகள், கேபிள்கள், அலுமினியப் பாகங்கள் ஆகியவற்றுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

சட்டகத்துக்கு எஃகா அலுமினியமா என்ற விவாதம் நெடுநாளாக உண்டு. குளிர்கால வண்டியைப் பொறுத்தவரை இதில் பெரிய வேறுபாடு இல்லை. எஃகு உள்ளிருந்து துருப்பிடிக்கும்; அதற்குக் குழாய்களின் உள்ளே துருத்தடுப்பு எண்ணெய் தெளிப்பார்கள். அலுமினியத்தில் பூச்சு உரிந்த இடங்களில் வெண்பொடி பூக்கும். சட்டகத்தின் உலோகத்தைவிட, அதில் மட்கார்டு மாட்டும் துளைகள் உள்ளனவா என்று பார்ப்பதே முக்கியம்.

== பிரேக் ==

மலிவான வண்டி தேடுபவர் பணத்தை மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் இது. ரிம் பிரேக்கில் ரப்பர் கட்டை சக்கரத்தின் விளிம்பை அழுத்திப் பிடிக்கிறது. மழையில் முதலில் விளிம்பிலுள்ள நீரைத் துடைத்துவிட்டுத்தான் அது பிடிக்கத் தொடங்கும். அதற்குள் வண்டி கொஞ்ச தூரம் போய்விடும். அதோடு, சாலையின் மணல்துகள் ரப்பரில் பதிந்து அரம் போல வேலை செய்து அலுமினிய விளிம்பைத் தேய்க்கும்.

விளிம்பு மெலிந்துவிட்டால், உள்ளே இருக்கும் காற்றழுத்தமே அதைப் பிளந்துவிடக்கூடும். காற்றடிக்கும்போது பிளந்தால் சக்கரம் மட்டும் போகும். இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது முன்சக்கரத்தில் இது நேர்ந்தால் ஓட்டுபவர் தூக்கி எறியப்படுவார். பெரும்பாலான ரிம்களில் தேய்மானத்தைக் காட்ட ஒரு சிறு பள்ளமோ கோடோ இருக்கும். அது மறைந்திருந்தால் சக்கரத்தை மாற்றவேண்டிய காலம் வந்துவிட்டது. அடையாளம் இல்லாத ரிம்மில் நேரான அளவுகோலின் விளிம்பை வைத்துப் பார்க்கலாம்; நடுவே குழிந்து வெளிச்சம் தெரிந்தால் அந்தச் சக்கரம் வேண்டாம்.

டிஸ்க் பிரேக்கில் இந்தத் தொல்லை இல்லை. தேய்வது சிறிய பட்டைகளும் தட்டும்தான், ரிம் அல்ல. ஈரத்திலும் பிடிப்பு அதிகம் குறையாது. எண்ணெயால் இயங்கும் வகை சிறந்தது என்றாலும், கேபிளால் இயங்கும் வகையை வீட்டிலேயே சரிசெய்துகொள்ளலாம். ஹப்புக்குள் மூடியிருக்கும் டிரம் பிரேக்கும் குளிர்காலத்துக்கு ஏற்றது. சற்றுக் கனமாக இருப்பதால் விளையாட்டு ஓட்டுநர்கள் அதை விரும்புவதில்லை.

== மட்கார்டும் டயரும் ==

முன்சக்கரம் வாரியடிக்கும் நீர் நேராகக் காலணிக்குள்ளும் செயின் மேலும் விழும். பின்சக்கரத்து நீர் ஓட்டுபவரின் முதுகிலும், பின்னால் வருபவரின் முகத்திலும் விழும். இதனால்தான் குழுவாக ஓட்டும் கழகங்கள் சில, குளிர்காலத்தில் மட்கார்டு இல்லாதவர்களைச் சேர்ப்பதில்லை. முழு நீள மட்கார்டும் அதன் அடியில் தொங்கும் ரப்பர் மடிப்பும் சேர்ந்தால்தான் முழுப் பயன் கிடைக்கும்.

தமிழ்நாட்டு வாசகருக்கு இது வியப்பாகத் தோன்றலாம். அங்கு பல தலைமுறைகளாக ஓடும் கறுப்பு மிதிவண்டியில் முழு மட்கார்டு, செயினை மூடும் தகடு, டைனமோ விளக்கு எல்லாமே உண்டு. அந்த வடிவம் ஈரமான இங்கிலாந்தில் உருவானது. பர்மிங்காமின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்சுடன் முருகப்பா குழுமம் இணைந்து 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், அம்பத்தூரில் ஹெர்குலிஸ் வண்டியைத் தயாரித்தது. எடையைக் குறைக்க ரோடு பைக்குகள் கழற்றிப் போட்டவற்றையே குளிர்கால வண்டி மீண்டும் மாட்டிக்கொள்கிறது.

டயர் 28 முதல் 35 மில்லிமீட்டர் வரை அகலமாக இருப்பது நல்லது. ஈரமான ரப்பரைக் கண்ணாடித் துண்டும் கூர்ங்கல்லும் எளிதில் கீறும் என்பதால், பஞ்சர் தடுக்கும் பட்டை வைத்த டயர்கள் விரும்பப்படுகின்றன. கைவிரல் விறைக்கும் குளிரில், இருட்டில், சாலையோரம் டியூப் மாற்றிப் பார்த்தவர்கள் டயரின் எடையைப் பற்றிப் பேசமாட்டார்கள். ஒரு எச்சரிக்கை: மட்கார்டு பொருத்திய பிறகும் அந்த அகல டயர் சட்டகத்துக்குள் அடங்குமா என்று வாங்குமுன் பார்க்கவேண்டும். பல பழைய பந்தயச் சட்டகங்களில் அடங்காது.

கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பனித்தகட்டின் மேல் அகல டயரும் வழுக்கும். அங்கு உதவுவது டங்ஸ்டன் கார்பைடு ஆணிகள் பதித்த டயர் மட்டுமே. பின்லாந்தின் நோக்கியன் பெயரில் வந்த ஹக்கபெலிட்டா டயர்களில் 106, 240 என்ற எண்கள் ஆணிகளின் எண்ணிக்கையைக் குறிக்கும். இவை கனமானவை, சத்தம் போடுபவை, விலையும் அதிகம். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் முன்சக்கரத்துக்கு வாங்கவேண்டும்; பின்சக்கரம் சறுக்கினால் சமாளிக்கலாம், முன்சக்கரம் சறுக்கினால் விழுவது ஏறக்குறைய உறுதி. ஆண்டில் சில நாள் மட்டும் பனி உறையும் ஊரில் அந்த நாட்களில் பேருந்தில் போய்விடுவது மலிவு.

== கியர் ==

பாகங்கள் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. பிரித்தானியக் கழகத்தினர் முன்பு குளிர்காலம் முழுவதும் ஒரே கியர் கொண்ட, ஃப்ரீவீல் இல்லாத வண்டியை ஓட்டினார்கள். அதில் பழுதாக ஒன்றும் இல்லை. மிதிப்பதை நிறுத்த முடியாததால் கால்களும் சூடாக இருக்கும். இத்தகைய வண்டியில் பின்சக்கரத்தைக் காலாலேயே கட்டுப்படுத்தலாம் என்றாலும், பிரித்தானியச் சட்டப்படி முன் பிரேக் கட்டாயம் இருக்கவேண்டும்.

மேடுபள்ளமான ஊருக்கு ஹப்புக்குள் அடங்கிய கியர் பொருந்தும். நாட்டிங்காமின் ஸ்டர்மி-ஆர்ச்சர் நிறுவனம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே மூன்று வேக ஹப்புகளைச் செய்துவந்தது. சேறும் உப்பும் உள்ளே செல்வது அரிது. செயினை முழுவதும் மூடிவிடவும் முடியும். வெளியே தொங்கும் டிரெய்லர் கியர்தான் வேண்டும் என்றால், முதல் வண்டியிலுள்ள அதே வகையைத் தேர்ந்தெடுப்பது புத்திசாலித்தனம். முதல் வண்டியில் தேய்ந்த பாகங்களைக் கழற்றி இதில் மாட்டிக்கொள்ளலாம்.

== பழைய வண்டி வாங்குதல் ==

மலிவு விலையில் புதிதாக வாங்குவதைவிட, அதே பணத்துக்கு நல்ல நிலையிலுள்ள பழைய சுற்றுலா வண்டி கிடைத்தால் அது மேல். ரெனால்ட்ஸ் நிறுவனம் 1935இல் அறிமுகப்படுத்திய 531 வகை எஃகுக் குழாயில் செய்த பழைய சட்டகங்கள் இன்றும் விற்பனைக்கு வருகின்றன. மட்கார்டுக்கும் சுமைதாங்கிக்கும் இடம் வைத்தே அவற்றில் பல செய்யப்பட்டன. மலிவான அதிர்வுதாங்கி முன்கவை உள்ள மலை வண்டிகளைத் தவிர்க்கலாம். உப்புநீர் புகுந்தால் அந்தக் கவை முதல் குளிர்காலத்திலேயே இறுகிவிடக்கூடும்.

விற்பவரிடம் முதலில் இருக்கைத் தண்டைத் தளர்த்தி ஏற்றி இறக்கிக் காட்டச் சொல்லவேண்டும். அசையாவிட்டால் வண்டியின் உயரம் நிரந்தரம் என்று பொருள். அடுத்து செயின். அதன் ஒவ்வொரு கண்ணியும் அரை அங்குலம் என்பதால் 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம் இருக்கவேண்டும். ஓர் அங்குலத்தில் 16இல் ஒரு பங்கு கூடியிருந்தால் செயினை மாற்றவேண்டும். 8இல் ஒரு பங்கு கூடியிருந்தால் பல்சக்கரங்களும் போய்விட்டன. அந்தச் செலவை விலையில் குறைக்கக் கேட்கலாம். பெரும்பாலான வண்டிகளில் பெடல் அச்சுக்கு அடியில் பொறித்திருக்கும் சட்டக எண்ணையும் பார்க்கவேண்டும். பிரித்தானியாவில் அந்த எண்ணை பைக்ரெஜிஸ்டர் தரவுத்தளத்தில் இட்டு, திருட்டு வண்டி எனப் பதிவாகியுள்ளதா என அறியலாம். எண் சுரண்டப்பட்டிருந்தால் விலை எவ்வளவு குறைவானாலும் திரும்பிவிடுவதே நல்லது.

== விளக்கு ==

இலண்டனில் டிசம்பர் நடுவில் மாலை 4 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். இருட்டில் முன்னே வெள்ளை விளக்கும் பின்னே சிவப்பு விளக்கும் எரியவேண்டும் என்பது அங்கே சட்டம். குளிரில் லித்தியம் மின்கலத்தின் திறன் குறைவதால், பெட்டியில் எழுதியுள்ள நேரம் வரை விளக்கு எரியாது. முன்சக்கர ஹப்பில் டைனமோ உள்ள பழைய வண்டி கிடைத்தால் மின்னேற்ற மறந்துபோகும் கவலை இல்லை.

== கடுங்குளிர் நாடுகளில் ==

வட பின்லாந்தின் ஊலு நகரம் குளிர்கால மிதிவண்டிப் பயன்பாட்டுக்குப் பெயர்பெற்றது. குளிர்கால மிதிவண்டி மாநாடு முதலில் 2013இல் அங்கேதான் நடந்தது. அடுத்த ஆண்டு கனடாவின் வினிப்பெக்கில் நடந்தது. ஊலுவில் பலர் ஓட்டுவது சிறப்பு வண்டி அல்ல, சாதாரண நகர வண்டிதான். பாதையிலிருந்து பனியை உடனுக்குடன் தள்ளிவிடுவதால் அது போதுமானதாகிறது. கடுங்குளிரில் வரும் தொல்லை வேறு: ஃப்ரீவீலுக்குள் உள்ள கிரீஸ் இறுகி, பெடல் வெறுமனே சுற்றும். அதற்கு மெல்லிய எண்ணெய் இடுவார்கள்.

== பராமரிப்பு ==

ஓட்டி வந்தவுடன் உப்பைக் குளிர்ந்த நீரால் கழுவி, துடைத்து, செயினுக்கு ஈரக்காலத்துக்குரிய கெட்டி எண்ணெய் இடவேண்டும். வெப்பநிலை தொடர்ந்து உறைநிலைக்குக் கீழே இருக்கும் ஊர்களில் கழுவினால் கேபிளுக்குள் நீர் உறைந்து பிரேக் நின்றுவிடும். அங்கே வண்டியை வெளிக்கொட்டகையிலேயே வைத்து, துலக்கியால் பனியைத் தட்டிவிடுவதே வழக்கம். சூடான வீட்டுக்குள் கொண்டுவந்தால் உப்புப்பனி உருகி எல்லா இடுக்குகளிலும் இறங்கும். இருக்கைத் தண்டையும் பெடல்களையும் மாதம் ஒருமுறை கழற்றி கிரீஸ் பூசி மாட்டினால், அடுத்த ஆண்டும் அவை கழன்று வரும்.