'வலிக்கவே இல்லையே...' - இந்த நினைப்புதான் ஆபத்து!

மார்பில் சின்னதாக ஒரு கட்டி. வலி இல்லை. 'தீபாவளி போகட்டும்', 'பொண்ணுக்குப் பரீட்சை முடியட்டும்' என்றே மாதங்கள் ஓடிவிடுகின்றன. வலித்தால்தான் டாக்டரிடம் போவது நம் வழக்கம். ஆனால், மார்பகப் புற்றுநோய் ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. வலி தொடங்கும்போது நோய் முற்றியிருக்கலாம்.

பயம், கூச்சம், செலவு என்று தள்ளிப்போட இன்னும் காரணங்கள் உண்டு. மார்பகக் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல; பரிசோதித்தால் பயம் தீரும். கூச்சமாக இருந்தால் பெண் டாக்டரைக் கேட்கலாம். தமிழகத்தில் 30 வயதைக் கடந்த பெண்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் மார்பகம், கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை இலவசம்.

3 வாரமாகியும் ஆறாத வாய்ப்புண், மாதவிடாய் நின்றபின் ரத்தப்போக்கு... இவையும் வலிக்காமலே வரலாம். வீட்டில் யாராவது 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்றால், நாள் குறித்துக் கூடவே போங்கள்.