நிறத்தை அளக்கும் கருவிகள்

ஆகஸ்டு 15ஆம் நாள் பெங்களூர் ஒக்கலிபுரத்துத் தெருவில் ஏறும் கொடியும், தில்லிச் செங்கோட்டையில் ஏறும் கொடியும் ஒரே காவி நிறம் உடையனவாக இருத்தல் வேண்டும். ஆனால், காவி என்னும் சொல் சாயம் தோய்ப்பவருக்கு ஒரு நிறத்தையும், வாங்குபவருக்கு வேறொரு நிறத்தையும் நினைவூட்டக்கூடும். ஆகவேதான், 1951இல் முதன்முதலாக வெளியாகிப் பின்னர் 1968இல் திருத்தம் பெற்ற நமது தேசியக் கொடியின் தரக்குறிப்பு, நிறங்களை எண்களால் வரையறுக்கிறது. மனிதக் கண் நிறத்தை உணரும் விதத்தைக் கொண்டு, சர்வதேச ஒளியூட்டல் ஆணையம் 1931இல் வகுத்த முறையே இவ்வெண்களுக்கு அடிப்படை.

கருநாடகத்தில் ஹூப்ளியை அடுத்த பெங்கேரியில், கதர்த் துணிக்குச் சாயமேற்றிக் கொடி தைக்கும் நிலையம் உள்ளது. இத்தகைய இடங்களில் சாயத்தின் தகுதியை முடிவு செய்வது கருவி. அக்கருவியை எவ்வளவு நம்பலாம்?

இங்கே இரு பண்புகளைப் பிரித்தறிதல் வேண்டும். ஒன்று நுட்பம், மற்றொன்று துல்லியம். நாள்தோறும் சரியாக ஐந்து நிமிடம் முந்தி ஓடும் கடிகாரத்தில் நுட்பம் உண்டு, துல்லியம் இல்லை. அவ்வாறே, ஒரு துணியைப் பத்து முறை அளந்தாலும் ஒரே எண்ணைக் காட்டும் கருவி, பத்து முறையும் ஒரே தவற்றைக் காட்டலாம். ஆயினும், நிலையான தவற்றைக் கண்டறிந்து திருத்தலாம். முறைக்கு முறை மாறும் தவற்றை அவ்வாறு திருத்த இயலாது.

திருத்தம் செய்யும் வழி யாது? பிரதிபலிப்பு முன்னரே அறியப்பட்ட வெள்ளை ஓட்டினை முதலில் அளந்து கருவியைச் சரிசெய்வர். அந்த ஓட்டின் மதிப்போ, தில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் போன்ற நிறுவனத்தின் மூல அளவோடு தொடர்பு உடையதாய் இருத்தல் வேண்டும். ஓடு அழுக்கடைந்தால் அதன்பின் எடுக்கும் அளவுகள் யாவும் பிழைபடும்.

துணியை அளப்பதிலும் விதி உண்டு. மெல்லிய கதரில் பின்னாலுள்ள பொருளின் நிறம் ஊடுருவித் தோன்றும். ஆதலால் பல மடிப்பாக மடித்து, பல இடங்களில் அளந்து சராசரி காண்பர். ஈரமும் வெப்பமும் நிறத்தைச் சற்றே மாற்றும்.

சாயக்காரரின் கருவி ஒன்று சொல்ல, சோதிப்பவரின் கருவி வேறொன்று சொன்னால், நேர்மையாக உழைத்தவரின் சரக்கும் திரும்பி வரும். நஷ்டம் அவர் தலையில் விழும். இருவர் கருவியும் ஒரே மூல அளவுக்குக் கட்டுப்பட்டிருப்பதே அவருக்குப் பாதுகாப்பு.