பேருந்தில் நிலைக்காத தளபதி பெயர்

தூத்துக்குடி மாவட்டம் ஓட்டப்பிடாரம் வட்டத்தில், பாஞ்சாலங்குறிச்சிக்கு அருகே உள்ள சிற்றூர் கவர்னகிரி. கட்டபொம்மனின் தளபதி வீரன் சுந்தரலிங்கம் பிறந்த ஊர். அங்குள்ள மணிமண்டபத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது. அவரது பிறந்த நாளான ஏப்ரல் 16 அன்று அரசு சார்பில் மாலை அணிவிக்கிறார்கள்.

1799 செப்டம்பரில் ஆங்கிலேயர் படை பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாக்கியது. அப்போது சுந்தரலிங்கமும் வடிவும் எதிரியின் வெடிமருந்துக் கிடங்குக்குள் தீயோடு புகுந்து, கிடங்கோடு சேர்ந்து மாண்டார்கள் என்பது இந்தக் கரிசல் பூமியில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி.

சிலைக்கு மாலை போடும் அரசு, அவர் பெயரை ஒருமுறை ஊர் ஊராக அனுப்பிப் பார்த்தது. 1997இல் விருதுநகர் மாவட்டத்துக்குப் புதிய போக்குவரத்துக் கழகம் தொடங்கி, அதற்கு 'வீரன் சுந்தரலிங்கம்' என்று பெயர் வைத்தது அன்றைய தி.மு.க. அரசு. டிக்கெட் விலை மாறவில்லை, போகும் ஊரும் மாறவில்லை. ஆனால், பட்டியல் சாதியில் பிறந்தவரின் பெயர் எழுதிய பேருந்தில் ஏற மாட்டோம் என்று ஆதிக்க சாதியினர் கிளம்பினார்கள். பேருந்துகள் தாக்கப்பட்டன. தென்மாவட்டங்களில் கலவரம் பரவி உயிர்களும் போயின.

அதே ஆண்டில் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலும் மாவட்டங்களிலும் இருந்த தலைவர்கள், மன்னர்கள் பெயர்களை அரசு நீக்கியது. சேரன், சோழன், பாண்டியன் போனார்கள்; நெல்லையில் கட்டபொம்மனும் போனார். எல்லார் பெயரும்தானே போயிற்று என்று சிலர் சமாதானம் சொல்வதுண்டு. கட்டபொம்மன் பெயர் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓடியது. அவருக்காக உயிர் கொடுத்தவரின் பெயர் ஓடியது சில வாரங்கள்தான்!

சிலையைப் பார்க்க நாம்தான் கவர்னகிரிக்குப் போக வேண்டும். பேருந்து அப்படியல்ல. காலையும் மாலையும் நம் ஊர் நிறுத்தத்துக்கே வந்து நிற்கும். கையைக் காட்டி நிறுத்தித்தான் ஏற வேண்டும். அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

இன்று பஸ் பாஸில் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் 1997க்குப் பிறகு பிறந்தவர்கள். அரசுப் பேருந்தில் தலைவர்கள், மன்னர்கள் பெயர் ஏன் எழுதியிருப்பதில்லை என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டைக்குச் சுற்றுலா அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள், வண்டியைக் கவர்னகிரிக்கும் விடச் சொல்லலாம். பக்கம்தான்.