மெலிந்த காற்றில் ஒரு சீசன்

அமெரிக்காவின் டென்வர் நகரில் இருக்கும் கூர்ஸ் ஃபீல்ட் மைதானத்தில் இருக்கைகள் அடர்பச்சை நிறம். மேல் அடுக்கில் இருபதாவது வரிசை மட்டும் ஊதா. அந்த வரிசையில் உட்கார்ந்திருப்பவர் கடல்மட்டத்திலிருந்து ஒரு மைல், அதாவது 5,280 அடி உயரத்தில் இருக்கிறார். ரசிகர்கள் அங்கே நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். கீழே பந்து வீசுகிறவர்களுக்கு அந்த உயரம் அவ்வளவு மகிழ்ச்சியான சங்கதி இல்லை.

அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலின் சீசன் கிரிக்கெட் பார்த்துப் பழகியவர்களுக்கு மலைப்பைத் தரும். ஆறு மாதத்தில் 162 ஆட்டங்கள். ஏறக்குறைய தினமும் ஆட்டம். ஓய்வென்று மாதத்துக்கு நாலைந்து நாள் கிடைத்தால் உண்டு. 81 ஆட்டங்கள் சொந்த ஊரில், 81 வெளியூரில். மற்ற அணிகளுக்கு வெளியூர்ப் பயணம் என்பது பெட்டி கட்டுவதும் ஹோட்டல் மாறுவதுமான அலுப்பு, அவ்வளவுதான். டென்வரின் அணியான கொலராடோ ராக்கீஸுக்குக் காற்றும் சேர்ந்து மாறுகிறது. லீக்கின் மற்ற 29 அணிகளில் மிக உயரத்தில் விளையாடும் அணியின் மைதானம்கூட 350 மீட்டரைத் தாண்டாது. டென்வர் 1,600 மீட்டர். அங்கே காற்றின் அடர்த்தி கடலோரத்தைவிடச் சுமார் 18 சதவீதம் குறைவு.

இந்த 18 சதவீதம் என்ன செய்துவிடும்? நிறையச் செய்யும். காற்றை ஒரு பொருட்டாகவே நம் கண் மதிப்பதில்லை. மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பந்து மதித்தே ஆகவேண்டும். பேஸ்பால் பந்தின் எடை சுமார் 145 கிராம். அந்த வேகத்தில் காற்று அதைப் பின்னுக்குத் தள்ளும் விசை, பூமி அதைக் கீழே இழுக்கும் விசைக்கு ஏறத்தாழச் சமம். பந்தெறிபவரான பிட்சருக்கும் மட்டையாளர் நிற்கும் இடத்துக்கும் நடுவே 18.44 மீட்டர், கடக்க 0.4 விநாடி. அதற்குள்ளேயே பந்து தன் வேகத்தில் பத்தில் ஒரு பங்கைக் காற்றிடம் பறிகொடுத்துவிடுகிறது.

வேகத்தைத் தின்னும் அதே காற்றுதான் பந்தை வளைக்கவும் செய்கிறது. சுழன்றுகொண்டே வரும் பந்து, 108 இரட்டைத் தையல்கள் புடைத்த தன் மேற்பரப்பால், கடந்துபோகும் காற்றை ஒரு பக்கமாகத் திருப்பிவிடும். காற்று ஒரு பக்கம் தள்ளப்பட்டால் பந்து எதிர்ப்பக்கம் தள்ளப்படும். மாக்னஸ் விளைவு என்று இதற்குப் பெயர். பிட்சரின் பிழைப்பே இதை நம்பித்தான். மட்டையாளர் ஓர் இடத்தைக் கணித்து மட்டையை வீச, பந்து வேறோர் இடத்தில் வந்து இறங்கவேண்டும்.

இந்த விசை காற்றின் அடர்த்திக்கு நேர்விகிதத்தில் இருக்கும். சுழற்சியால் மட்டும் கடலோரத்தில் 40 சென்டிமீட்டர் வளையும் ஒரு கர்வ்பாலை எடுத்துக்கொள்ளுங்கள். அதே கை, அதே பிடி, அதே சுழற்சியோடு டென்வரில் எறிந்தால் வளைவு 33 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும். வித்தியாசம் 7 சென்டிமீட்டர். பேஸ்பால் மட்டையின் மிகத் தடிமனான பகுதியே 6.6 சென்டிமீட்டர்தான். ஆக, கடலோரத்தில் மட்டைக்கு அடியில் நழுவிப் போயிருக்கவேண்டிய பந்து, டென்வரில் மட்டையின் நடுவிலேயே வந்து மாட்டிக்கொள்ளும்.

அடிபட்ட பந்துக்கும் தடை குறைவு. கடலோரத்தில் 122 மீட்டர் போகும் அடி, இங்கே 128 மீட்டர் வரை போகும். (ஜோகன்னஸ்பர்க் 1,750 மீட்டர் உயரம். 2006 இல் ஒருநாள் கிரிக்கெட்டில் ஆஸ்திரேலியா 434 எடுக்க, தென்னாப்பிரிக்கா 438 எடுத்து வென்றது அங்கேதான். ஆடுகளமும் ஆட்டக்காரர்களும்தான் முதற்காரணம். இருந்தாலும் எல்லைக்கோட்டை மயிரிழையில் தாண்டிய அடிகளில் காற்றுக்கும் ஒரு பங்கு இருந்திருக்கும்.)

1995 இல் கூர்ஸ் ஃபீல்டைக் கட்டியவர்களுக்கு இதெல்லாம் தெரியும். அதனால் சுற்றுவேலியைத் தள்ளித் தள்ளி வைத்தார்கள். நடுப்பகுதியில் 415 அடி. வேலியைத் தாண்டிப் போகும் அடியான ஹோம் ரனுக்குக் கட்டுப்பாடு போட்டாயிற்று என்று நினைத்தார்கள். வேலி தள்ளிப் போனபோது புல்வெளி பெரிதானது. அதைக் காக்க நிற்பவர்களோ எந்த மைதானத்திலும் இருக்கும் அதே மூன்று பேர். ஆட்களுக்கு நடுவே விழும் பந்துகள் பெருகின. இரண்டு தளம், மூன்று தளம் ஓடும் அடிகள் பெருகின. ஹோம் ரனும் குறையவில்லை. 1999 சீசனில் அந்த ஒரே மைதானத்தில் 303 ஹோம் ரன்கள் அடிக்கப்பட்டன. எந்த மைதானமும் ஒரு சீசனில் அவ்வளவு கண்டதில்லை.

பிட்சர்கள் பட்ட பாடு தனிக்கதை. மைக் ஹாம்ப்டன் என்ற நல்ல பிட்சரை 2000 டிசம்பரில் எட்டு ஆண்டுக்கு 12 கோடியே 10 லட்சம் டாலர் பேசி அழைத்து வந்தார்கள். அதுவரை எந்தப் பிட்சருக்கும் கிடைக்காத தொகை. இரண்டே சீசனில், அடிமேல் அடி வாங்கி, வேறு அணிக்குப் போய்விட்டார். விதிவிலக்கும் உண்டு. 1996 செப்டம்பர் 17 அன்று லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸின் ஜப்பானிய வீரர் ஹிடியோ நோமோ, இதே மைதானத்தில் ராக்கீஸை ஓர் அடிகூட அடிக்கவிடாமல் ஆட்டத்தை முடித்தார். மழையில் நனைந்த இரவு அது. பேஸ்பாலில் வியப்பான ஆட்டங்கள் பல உண்டு. நான் இதைத்தான் முதலில் வைப்பேன்.

அப்படியானால் ராக்கீஸ் மட்டையாளர்களுக்கு வாழ்வுதான் என்று தோன்றும். 1996 இன் கணக்கைப் பார்த்தால் வேறு கதை தெரியும். சொந்த ஊரில் 55 வெற்றி, 26 தோல்வி. வெளியூரில் 28 வெற்றி, 53 தோல்வி. அணியின் அடிவிகிதம் வீட்டில் .343, வெளியில் .228. ஒரே ஆட்கள், ஒரே சீசன். வீட்டில் மன்னர்கள், படி தாண்டினால் பரதேசிகள்.

எந்த அணியும் வெளியூரில் சற்றுத் தடுமாறும். இவ்வளவு பள்ளம் விழுவதற்கு ரசிகர்களும் ஆய்வாளர்களும் சொல்லும் விளக்கம் ஒன்று உண்டு. மட்டையாளர் 0.4 விநாடியில் பந்தை முழுக்கப் பார்த்து முடிவெடுப்பதில்லை. அதற்கு நேரமே கிடையாது. பாதி வழியிலேயே, இது எங்கே வந்து சேரும் என்று மூளை ஊகித்துவிடுகிறது. அந்த ஊகம் ஆயிரக்கணக்கான பந்துகளைப் பார்த்துப் படிந்த பழக்கம். டென்வரில் பத்து நாள் ஆடினால் மூளை 33 சென்டிமீட்டருக்குப் பழகியிருக்கும். விமானம் ஏறிக் கடலோரம் போனால் மறுநாளே 40 வந்து நிற்கும். இது உண்மையா, எவ்வளவு தூரம் உண்மை என்பதில் புள்ளிவிவரக்காரர்களுக்குள் சண்டை ஓயவில்லை. இதற்கு எதிர்ச்சாட்சியாக ராக்கீஸ் மட்டையாளர் லாரி வாக்கரே நிற்கிறார். 1997 சீசனில் அவர் அடித்த 49 ஹோம் ரன்களில் 29 வெளியூரில் அடித்தவை. ஒரு மனிதரை வைத்து விதி சொல்ல முடியாது என்றாலும், பழக்கம் எல்லாரையும் ஒரே மாதிரி கட்டிப்போடுவதில்லை என்பதாவது தெரிகிறது.

தீர்வுக்கான யோசனையை மைதானத்தில் மின்வேலை பார்த்த ஒருவர் கொண்டுவந்தார். வேட்டைக்குப் போகும்போது போடும் தன் தோல் காலணி வறண்டு விறைத்துப்போனதைப் பார்த்தவருக்கு, பந்தும் தோல்தானே என்று பட்டிருக்கிறது. டென்வரின் காற்று மெலிந்தது மட்டுமில்லை, வறண்டதும்கூட. வறண்ட பந்தின் தோல் வழுக்கும். பிட்சருக்குப் பிடி கிடைக்காது. உள்ளே இறுக்கிச் சுற்றியிருக்கும் கம்பளி நூல் ஈரம் இழந்தால், மட்டையில் பட்டுத் துள்ளும் வேகமும் கூடும். 2002 இல் மைதானத்துக்குள் ஓர் அறை கட்டினார்கள். ஈரப்பதம் 50 சதவீதம், வெப்பம் சுமார் 21 டிகிரி செல்சியஸ். ஆட்டத்துக்கான பந்துகளை அதில் அடுக்கினார்கள். ஹியூமிடார் என்று பெயர். சுருட்டு வறண்டுபோகாமல் காக்கும் பெட்டிக்கும் அதே பெயர்தான்.

1995 முதல் 2001 வரை அங்கே ஆட்டத்துக்குச் சராசரியாக 3.2 ஹோம் ரன்கள். 2002 முதல் 2010 வரை 2.39. கால்பங்கு குறைந்துவிட்டது. இல்லினாய் பல்கலைக்கழக இயற்பியலாளர் ஆலன் நாதனும் அவருடைய கூட்டாளிகளும் ஈரப்பதம் மாற்றிய பந்துகளின் துள்ளலை ஆய்வகத்தில் அளந்தார்கள். கணக்கில் வந்த குறைவும் மைதானத்தில் கண்ட குறைவும் ஒத்துப்போயின. 2022 முதல் 30 அணிகளும் இந்த அறையை வைத்திருக்கின்றன.

இங்கே ஒரு சிறு விலகல். ஈரக்காற்று கனமானது, அதனால்தான் பந்து தூரம் போகவில்லை என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது நேரெதிர். நீர் மூலக்கூறின் நிறை 18; நைட்ரஜனுக்கு 28, ஆக்சிஜனுக்கு 32. காற்றில் நீராவி ஏற ஏறக் காற்று இலேசாகும். புழுக்கமான நாளில் பந்துக்குத் தடை சற்றே குறைவு. ஹியூமிடார் அறை மாற்றுவது பந்தைத்தான். மைதானத்துக் காற்று அப்படியேதான் இருக்கிறது. கர்வ்பால் இன்றும் அங்கே சோம்பலாகத்தான் வளைகிறது.

இத்தனையும் தெரிந்துகொண்டு 2007 சீசனுக்கு வந்தால் கணக்கு உதைக்கிறது.

செப்டம்பர் 15 அன்று ராக்கீஸ் 76 வெற்றி, 72 தோல்வி. மீதம் 14 ஆட்டங்கள். கதை முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அதன்பின் தொடர்ந்து 11 வெற்றி. அவற்றில் ஆறு, சான் டியேகோவிலும் லாஸ் ஏஞ்சலஸிலும் ஆடிய ஆறு ஆட்டங்கள். இரண்டும் கடலோர ஊர்கள், அடர்ந்த காற்று, கர்வ்பால் முழுதாக வளையும் இடம். ராக்கீஸ் சுருண்டு விழவேண்டிய இடத்தில் ஆறுக்கு ஆறு. காற்று ஓர் ஆட்டத்தின் பந்துகளில் ஏழு சென்டிமீட்டர்தான் கூட்டும், குறைக்கும். காற்றின் கை 162 ஆட்டங்களைக் கூட்டிப் பார்த்தால்தான் துலங்கும். அந்த ஆண்டின் மொத்தக் கணக்கிலும் அது இருக்கிறது: சொந்த ஊரில் 51–31, வெளியில் 39–42. இரண்டு வாரத்துக்குள் எதுவும் நடக்கலாம். நடந்தது.

சீசன் முடிவில் ராக்கீஸும் சான் டியேகோ பேட்ரேஸும் 89–73 என்று சமமாக நின்றன. பிளே-ஆஃபுக்குப் போவது யார் என்று முடிவுசெய்ய, அக்டோபர் 1 அன்று டென்வரில் ஒரே ஓர் ஆட்டம், 163-ஆவது. வழக்கமான ஒன்பது இன்னிங்ஸ் போதாமல் பதின்மூன்றுக்குப் போனது. சான் டியேகோ இரண்டு ஓட்டம் எடுத்து 8–6 என்று முந்தியது. அதைக் காக்க வந்தவர் டிரெவர் ஹாஃப்மன். முன்னிலையைக் காத்து ஆட்டத்தை முடிப்பதில் அன்று வரலாற்றிலேயே முதலிடத்தில் இருந்தவர். ராக்கீஸின் மட்சுயி ஒன்று, டுலோவிட்ஸ்கி ஒன்று என்று இரண்டு தள அடிகள். பிறகு மாட் ஹாலிடே அடித்த பந்து வலப்பக்கக் காவலரின் தலைக்கு மேலே போய்ச் சுவரில் மோதியது. அந்த அகன்ற புல்வெளியில் பந்தை எடுத்து எறிவதற்குள் மூன்றாம் தளத்துக்கு ஓடிவிட்டார். 8–8. அடுத்து ஜேமி காரல் உயர அடித்த பந்தைப் பிடித்து எறிய, ஹாலிடே தலைகுப்புறப் பாய்ந்து வந்தார். 9–8. அவர் கை ஹோம் தளத்தின் தட்டைத் தொட்டதா இல்லையா என்ற சண்டை இன்னும் நடக்கிறது. நடுவர் தொட்டதாகச் சொல்லிவிட்டார்.

அடுத்து பிளே-ஆஃப் தொடர்களில் பிலடெல்ஃபியாவை 3–0, அரிசோனாவை 4–0 என்று வென்றார்கள். செப்டம்பர் 16 முதல் 22 ஆட்டங்களில் 21 வெற்றி. அக்டோபர் 15 அன்று எல்லாம் முடிந்துவிட, இறுதித் தொடரான உலகத் தொடர் தொடங்க 24-ஆம் தேதி வரை சும்மா காத்திருந்தார்கள். தொடரின் முதல் ஆட்டம் பாஸ்டனில், கடலை ஒட்டிய ஊரில். ஜோஷ் பெக்கெட் முதல் நான்கு மட்டையாளர்களையும் ஸ்ட்ரைக் அவுட் ஆக்கினார். 13–1. தொடர் 4–0 என்று பாஸ்டனுக்குப் போனது.

அடர்ந்த காற்று என்று சிலர், எட்டு நாள் ஓய்வில் கை மரத்துப்போனது என்று சிலர். மூன்றாம், நான்காம் ஆட்டங்கள் டென்வரில், பழகிய காற்றில்தான் நடந்தன. 10–5, 4–3. இரண்டும் பாஸ்டனுக்கே.